யானைக் குடும்பம் கப்பலேறிய மத்தியானம்

என் பேத்தியின் மகளுக்கு மூன்று வயது. மத்தியானம் சோற்றுக் கிண்ணத்தை முன்னால் வைத்ததும் அவள் கை தொலைக்காட்சிப் பக்கம் நீளும். அதில் ஒரு கார்ட்டூன் குடும்பம் வருகிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் செருப்பு காணாமல் போய்க் கட்டிலடியில் கிடைக்கிறது. ஒரு நாள் மழை வந்து கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைகிறது. ஒரு நாள் எல்லோரும் கடைக்குப் போய்த் தர்பூசணி வாங்கி வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. பிள்ளை சிரிக்கிறாள். சிரிக்கிற வாய்க்குள் அவள் அம்மா ஒரு வாய்ச் சோற்றை வைத்துவிடுகிறாள்.

நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரைந்த வீட்டின் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த அப்பா தொப்பியை எடுத்து மாட்டினால் போதும், நாற்காலி விளிம்புக்கு வந்துவிடுகிறேன். எங்கே போகிறார், யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார், திரும்பி வரும்போது எத்தனை பேர் வருவார்கள்? படம் முடிந்து குடும்பம் சேர்ந்து நிற்கும்போது தலைகளை எண்ணிப் பார்க்கிறேன். எல்லோரும் இருக்கிறார்கள். ஆனாலும் மறுநாள் மத்தியானம் மறுபடி எண்ணுகிறேன். நேற்று பேத்தி பார்த்துவிட்டு, "ஏன் பாட்டி இந்தப் படத்துக்குப் போய் இப்படி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டாள். என்ன சொல்வது? பக்கத்து வீட்டுத் தோழி உன்னிடம் என்றால் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நீதான் நோன்பு முடிந்த வாரத்தில் கண்ணை மூடிவிட்டாயே.

மலாக்காவின் காஜா பெராங்கில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். உங்கள் பக்கம் கரண்டி விழுந்தால் எங்கள் பக்கம் கேட்கும். என் அப்பா பஸ் ஓட்டினார். உன் வாப்பாவுக்குப் பட்டணத்தில் துணிக்கடை. அவர் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்தவர். அங்கே அவருக்கு மூத்த மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அது வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்த சங்கதி, யாரும் மறைத்ததில்லை. 'ஊர்ல பெரிய வீடு' என்று உன் உம்மாவே சாதாரணமாகச் சொல்வார். நான் மாமி என்று கூப்பிட்ட உன் உம்மா மலாக்காவிலேயே பிறந்தவர். பேசுகிற தமிழில் பாதி மலாய். கடல் பக்கத்திலேயே இருந்தும் கப்பலில் கால் வைத்ததில்லை.

வரிசையில் சின்னப் பிள்ளைகள் நிறைய. சீனக் குடும்பத்துப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகள். மத்தியானத்தில் அம்மாமார் கண்ணயரும் நேரத்தில் அவர்களை மேய்ப்பது கொஞ்சம் பெரியவர்களான நம் இருவர் தலையில் விழுந்தது. அதற்காக நீ கண்டுபிடித்ததுதான் யானைப் படம். காஜா பெராங் என்ற மலாய்ப் பெயரிலேயே கோபக்கார யானை ஒன்று இருந்ததே, அதை நீ சாந்தப்படுத்திக் குடும்பமாக்கினாய். பிஸ்கட் அட்டையில் அப்பா யானை, அம்மா யானை, குட்டி யானை வெட்டினாய். தும்பிக்கையையும் கால்களையும் தனியாக வெட்டி நூல் முடிச்சுப் போட்டு இணைத்ததால் அவை அசைந்தன, நடந்தன. உங்கள் பின்னறை ஜன்னல்களைச் சாத்திவிட்டு, குறுக்கே வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, பின்னால் மண்ணெண்ணெய் விளக்கை வைத்தால் யானைகள் சுவர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். விளக்கைப் பிடிப்பது நான். யானைகளும் குரல்களும் உன்னுடையவை. எல்லாப் பிள்ளைக்கும் புரியவேண்டும் என்று மலாயில்தான் நடத்துவாய்.

முதல் நாள் நான் ஒரு புலியைக் கொண்டுவரலாம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"இதுல ஒண்ணுமே நடக்கக் கூடாதுடி. குளிக்கணும், சாப்பிடணும், பாசாருக்குப் போயிட்டு வரணும். தெரிஞ்சதைப் பார்த்தாத்தான் சின்னதுங்க சிரிக்கும்."

நீ சொன்னது சரிதான். குட்டி யானை பல் துலக்க மாட்டேன் என்று அடம்பிடித்தபோது பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அம்மா யானை மீன் வாங்கப் போய்க் குடையை மறந்துவிட்டு வந்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒன்றும் நடக்காத அந்த வீட்டை நானும்தான் எவ்வளவு நம்பியிருந்தேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்ற பேச்சு எங்கும் இருந்த காலம் அது. தேதியைக்கூடத் திடலில் சொல்லிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் கூட்டாளிகள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். கடைக்காரர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். கொடி மாறினால் நம் கதி என்ன, இங்கேயே குடியுரிமை எழுதிக்கொள்வதா, ஊருக்குத் திரும்புவதா என்று ஆளுக்கொரு கணக்கு. கடையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கப்பலேறியவர்களும் இருந்தார்கள். இன்னொரு பக்கம் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை முடியவில்லை. சாலைகளில் போலீஸ் பஸ்ஸை நிறுத்திச் சாமான்களைக் குடைந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உன் வாப்பா மாறினார். கடையிலிருந்து வந்தால் பேப்பரை விரித்துக்கொண்டு சாய்ந்துவிடும் மனிதர், உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவிக்கொண்டே இருப்பார். டின் பிஸ்கட்டும் ஆப்பிளும் வந்தன. மாமிக்கு நல்ல பாத்தேக் கைலிகள் வந்தன. ஒரு நாள் லாரியிலிருந்து புதுத் தையல் மெஷின் ஒன்றை இறக்கினார்கள். வரிசையில் யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. பெண்கள் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். மாமிக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை. என் அம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் அரிசி களைய உட்கார்ந்தாள். பிறகு அப்பாவிடம், "பொண்டாட்டி தனியாப் பொழைக்கிறதுக்கு வாங்கிக் குடுத்த மாதிரி இருக்கு" என்றாள். அப்பா அவளை அதட்டினார்.

மெஷினைப் பின்னறையில்தான் போட்டார்கள். அதனால் நம் படம் ஓடும்போது மாமியும் அங்கேயே ஒரு மூலையில், கொஞ்சமாகத் திறந்த ஜன்னல் வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருப்பார். மெஷின் சத்தத்துக்கு மேல் நீ குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் குட்டி யானை படம் எடுத்துக்கொள்ளப் போனது. அப்பா யானை கூட்டிக்கொண்டு போயிற்று. தும்பிக்கையை ஆட்டாதே, மூச்சு விடாதே என்று சீன போட்டோக்காரர் குரலில் நீ சொல்லச் சொல்லப் பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். முடிந்ததும் ஒரு குழந்தை, "மக் மானா?" என்று கேட்டது. அம்மா எங்கே என்று. அம்மாவுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி விளக்கை அணைக்கச் சொன்னாய்.

அடுத்து வந்தது ஊசி. குட்டி யானையின் தோளில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதே வாரம் உன் தோளிலும் அம்மை குத்திய புண் இருந்தது. பள்ளிக்கூடத்தில் குத்தினார்கள் என்று மாமி என் அம்மாவிடம் சொன்னதைச் சுவர் வழியாகக் கேட்டேன். நாம் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் ஊசி போடவில்லை. குழாயடியில் உன்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். நீ வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினாய்.

"வாப்பா சத்தியம் வாங்கிட்டார்டி. உம்மாகிட்ட வாயால சொல்லக் கூடாதுன்னு. எல்லாம் தயாரானதும் அவரே சொல்றாராம்."

என்ன தயாராகிறது என்று கேட்டதற்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து விரிப்புக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கண் மாமி இருந்த மூலைக்கே போனது. விளக்கு சாய, யானைகளின் நிழலும் சாய்ந்தது. ஒழுங்காகப் பிடி என்று கிசுகிசுப்பாய்.

பிறகு கப்பல் வந்தது.

காற்றே இல்லாத மத்தியானம். மூடிய அறையில் பிள்ளைகளின் வியர்வையும் மண்ணெண்ணெய்ப் புகையும். மாமியின் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நீ புதிதாக வெட்டிய ஓர் அட்டையை எடுத்தாய். நீளமான கப்பல், இரண்டு புகைபோக்கி. விரிப்பில் அது மெல்ல மிதந்து வந்தபோது பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அப்பா யானை பெட்டியோடு ஏறியது. குட்டி யானை பின்னால் ஏறியது. அம்மா யானையை நீ விரிப்பின் ஓரத்தில் நிறுத்தியிருந்தாய். அது அசையவில்லை. கப்பல் ஊதுவதுபோல் நீ நீளமாகக் குரல் கொடுத்தாய்.

மெஷின் நின்றது.

இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ சத்தங்களைக் கேட்டுப் பயந்திருக்கிறேன். ஒரு சத்தம் நின்றதைக் கேட்டு அப்படிப் பயந்ததில்லை. பிறகு இருட்டிலிருந்து மாமியின் குரல் வந்தது. கோபமில்லை, பதற்றமில்லை. முன் வரிசைக் குழந்தைகளில் ஒன்று கேட்பதுபோலவே கேட்டார்.

"மக் மானா?"

கப்பலைப் பிடித்த உன் கை அப்படியே நின்றது. சீன வீட்டுச் சின்னப் பெண்தான், தனக்குத் தெரிந்த பதில் என்ற சந்தோஷத்தில் கத்தினாள்.

"மக் மாசாக்!"

அம்மா சமைக்கிறாள். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் லேசாகச் சிரித்தார். அப்புறம் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. எடுத்த தையலை முடித்து, நூலை அறுத்து, மூடியைப் போட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டார். அன்று சாயங்காலம் உன் வாப்பாவுக்கு அவர் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்த சத்தம்கூட வழக்கம்போலத்தான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

மறுநாள் வாப்பா கடைக்குப் போனதும் மாமி எங்கள் அடுப்படிக்கு வந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்கான படம், பயணத்துக்கான ஊசி, கப்பல் எல்லாவற்றையும் மாமி வரிசையாகச் சொன்னார். சின்னப் பிள்ளை விளையாட்டை வைத்து அவசரப்பட வேண்டாம், நேரிலேயே கேட்டுவிடலாமே என்றாள் அம்மா. மாமி மாட்டேன் என்று தலையாட்டினார். கேட்டால் இல்லையென்று சொல்வார், தேதியை மாற்றி வைப்பார், அப்புறம் என்றைக்கு என்று தனக்குத் தெரியாமலே போய்விடும் என்றார். பிறகு கைலி நுனியைச் சுருட்டிக்கொண்டே, "மெஷினை இறக்குனப்பவே எனக்கு வெளங்கியிருக்கணும்லா" என்றார். அம்மா கீழே பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகான நாட்கள்தான் கொடுமை. எந்த நாள் என்று தெரியாது. உன் வாப்பா இன்னும் அன்பாக இருந்தார். வாசலில் என்னைப் பார்த்தால் மிட்டாய் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன், தின்னவில்லை. நீ எப்போதும்போலப் பாண்டி ஆடினாய், பாடம் எழுதினாய். பிள்ளைகள் யானைப் படம் கேட்டபோது மட்டும் விளக்கில் எண்ணெய் இல்லை என்று சொன்னாய். எண்ணெய் இருந்தது. தெருவில் டாக்சிச் சத்தம் கேட்டால் என் அம்மாவும் மாமியும் சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள்.

கடைசியில் அவரே வாயைத் திறந்தார். கிள்ளானில் கூட்டாளி வீட்டுக் கல்யாணம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருகிறேன், உனக்குத் தைக்க வேண்டிய துணி கிடக்கிறதே நீ இரு என்று. மாமி சரி என்றார். உனக்குப் போட்டுக்கொள்ள நல்ல கவுன் ஒன்றை எடுத்துத் தேய்த்தும் வைத்தார். வாப்பா டாக்சி பிடிக்கப் பட்டணத்துக்குப் போன நேரத்தில் மாமி உன்னை எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார். குருபோங் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் என் பெரியம்மா இருந்தாள். அவள் வீட்டில் மாடு கன்று போட்டிருக்கிறது, பார்த்துவிட்டு வா என்றுதான் உன்னிடம் சொன்னார்கள். அப்பா தன் பஸ்ஸிலேயே உன்னை முன் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோனார். வழியில் போலீஸ் நிறுத்தி, தனியாக இருக்கும் இந்தப் பிள்ளை யாருடையது என்று கேட்டார்களாம். "என் மக" என்றாராம் அப்பா. நீ அவரைத் திரும்பிப் பார்த்தாயாம்.

டாக்சி வந்தது. அதன் பின்பெட்டி மூடாமல் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே ஒரு பெரிய டிரங்குப் பெட்டி. கல்யாணத்துக்குப் போகிறவர் எடுத்துப் போகிற பெட்டியா அது? உன் வாப்பா உள்ளே போனார். உன் பெயரைச் சொல்லி ஒவ்வோர் அறையாகக் கூப்பிட்டார். பிறகு வெளியே வந்தார். மாமி வாசற்படியில், உனக்குத் தேய்த்துவைத்த அதே நேரத்தில் தனக்கும் தேய்த்துவைத்த கைலியைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு நின்றார்.

"பிள்ளை இல்லங்க. நான் இருக்கேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

அவர் மாமியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் எல்லாமே ஊர்ஜிதமாயிற்று. மாமி பையைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவர் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்கள் சிவந்து, உதடு கோணி இருந்தது. "நீ சொல்லும்மா. உனக்குத் தெரியும். நான் கெட்டவனா? நாளைக்கு இங்க என்ன ஆகும்னே தெரியல. என் பிள்ளை நல்லாருக்கணும்னுதானே" என்றார். என் தோளில் அம்மாவின் கை இருந்தது. அதன் அழுத்தத்தை மட்டும் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். டாக்சிக்காரர் ஹார்ன் அடித்தார். மறுபடி அடித்தார். உன் வாப்பா எழுந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரோ உன்னைப் பிடித்துக்கொண்டு வரப்போவதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறிக்கொண்டார்.

அப்பா மறுநாள் கடைப் பக்கம் போய்ப் பார்த்தார். பலகையில் வேறு பெயர். சரக்கெல்லாம் முன்பே கைமாறியிருந்தது.

நீ தோட்டத்திலிருந்து திரும்பியபோது காலில் செம்மண். வாப்பா எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை. பின்னறைக்குப் போய் விரிப்பை அவிழ்த்து மடித்து வைத்தாய். சின்னப் பிள்ளைகள் பல நாள் மத்தியானத்தில் வந்து அந்த மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். மெர்டேக்கா அன்று வரிசையே திடலுக்குக் கிளம்பிப் போனது. நீ வரவில்லை. மாமி தையலில் உன்னை வளர்த்தார். நீ படித்தாய், புக்கிட் பாருவில் வாழ்க்கைப்பட்டாய், பிள்ளைகள் பெற்றாய். உன் வாப்பா மறுபடி இந்தக் கரைக்கு வரவேயில்லை. ஊரில் அவர் இறந்த செய்தி, அடக்கம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் உனக்குக் கிடைத்தது.

இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? என் பிள்ளைகளிடம், மருமக்களிடம், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம். வாயால் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிய தகப்பனை, ஓர் அட்டைக் கப்பலால் வென்ற கெட்டிக்காரப் பெண் என்று. மாமி மௌத்தாகி அடக்கம் முடிந்த வீட்டில், ஆட்களெல்லாம் போனபிறகு, உன் சமையலறையில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது உன்னிடமும் அதையே சொன்னேன். அந்த வயதில் எவ்வளவு சாமர்த்தியமாக உன்னைக் காப்பாற்றிக்கொண்டாய் என்றேன்.

நீ கோப்பையைக் கீழே வைத்தாய்.

"காப்பாத்திக்கவா? எனக்குப் போகணும்னு ஆசைடி. வாப்பாகூட இருக்கணும்னு ஆசை. உம்மாவும் வரணும்னு ஆசை. உம்மா பார்த்துட்டு, நானும் வரேன்னு அவர்கிட்ட கேப்பாங்க, அவர் சேர்த்துக்குவார்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன்."

வெளியே உன் மருமகள் பாய்களைச் சுருட்டும் சத்தம் கேட்டது. மாமிக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"சொல்லல. நான் அவங்கதான் வேணும்னு வாப்பாவைக் காட்டிக் குடுத்தேன்னு கடைசி வரைக்கும் நம்பிட்டிருந்தாங்க. அந்த நம்பிக்கையோடயே போகட்டும்னு விட்டுட்டேன்."

பிறகு எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாய். நானும் துடைத்து வைத்தேன். அதைப் பற்றி நாம் மறுபடி பேசவில்லை. இப்போது இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். உன் பிள்ளைகள் இங்கே வரும்போது, உம்மா சின்ன வயசுல எப்படித் தப்பிச்சாங்க, அந்தக் கதையைச் சொல்லுங்க மாமி என்று என்னைக் கேட்கிறார்கள். நானும் பழையபடியே சொல்லிவிடுகிறேன்.